நாரி நோவுக்கு 45,000 ரூபா முற்பணம் கட்டலாமா?

கேள்வி:

மிஸ், நாங்கள் திருகோணமலைப் பக்கம் சல்லியில் இருக்கிறோம். என்னுடைய அவர் கரைவலை இழுக்கப் போகிறவர், வயது 48. நாலு மாதமாக நாரி நோ. குனிந்து நிமிரும்போது பிடிக்கிறது. சில நாளில் வலது பக்கப் புட்டத்துக்கும் இறங்குகிறது. மாதத்தில் ஆறு நாளாவது வலைக்குப் போகாமல் படுத்துவிடுகிறார். போகிற நாளில் பங்கு சராசரியாக 2,500 ரூபா வரும். நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் காட்டினோம். டிஸ்க் விலகியிருக்கிறது, கையாலேயே உள்ளே தள்ளிவிடலாம், 20 தரம் வரவேண்டும், ஒரு தரத்துக்கு 2,500, முழுக் காசையும் முதலில் கட்டினால் 45,000க்குச் செய்து தருவோம் என்றார்கள். சூட்டு விளக்கு, அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைப்பது, இடுப்பை இழுக்கும் மெஷின் எல்லாம் அதில் அடங்குமாம். கடைசியில் கொஞ்ச நேரம் கையால் அழுத்திவிடுவார்களாம். அதற்கு முதல் 35,000 ரூபாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துவரச் சொல்கிறார்கள். ஓட்டோவுக்குப் போக வர 1,800 வேறு. என்னிடம் சீட்டு எடுத்த காசு 50,000 இருக்கிறது.

எனக்கும் ஆறு மாதமாகக் கழுத்து நோ. வீட்டில் இருந்து தையல் தைக்கிறேன். முன்பு மாதம் 24,000 மட்டில் வரும், இப்போது பாதிதான். என்னுடையது கிடக்கட்டும், உழைக்கிற மனிசனை முதலில் பார்ப்போம் என்று நினைக்கிறேன். கையால் அழுத்தி, அசைத்துச் செய்கிற இந்தக் கை வைத்தியம் உண்மையிலேயே காசுக்குப் பிரயோசனமா, இல்லை காசைக் கரைக்கிற வேலையா? தலையணை இல்லாமல் படுக்கச் சொல்கிறார்களே, அது சரியா?

சல்லியிலிருந்து ஒரு வாசகி (43)

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

அந்த 45,000 ரூபாவைக் கட்டாதீர்கள். ஸ்கானும் இப்போதைக்கு வேண்டாம். அதற்காகக் கை வைத்தியமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன்; என் கையால்தான் என் பிழைப்பும் நடக்கிறது. அளவாக வாங்கினால் அது காசுக்குப் பிரயோசனமானது. மூட்டையாக வாங்கினால் இல்லை. உங்கள் கழுத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கணவருக்குச் சலம் போவதிலோ மலம் போவதிலோ புதிதாகத் தடங்கல் உண்டா? தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? கால் பலமிழந்து செருப்புக் கழன்று விழுகிறதா? காய்ச்சல், காரணம் தெரியாத மெலிவு, இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அடங்காத நோ, முன்பு எப்போதாவது புற்றுநோய், அண்மையில் வள்ளத்திலோ மரத்திலோ இருந்து விழுந்தது இவற்றில் ஒன்றாவது உண்டா? இருந்தால் எந்த நிலையத்துக்கும் போகவேண்டாம். அன்றைக்கே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அப்படியான ஆளுக்கு ஸ்கான் தேவை, அதைத் தள்ளிப் போடவும் கூடாது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. அதனால்தான் ஸ்கான் வேண்டாம் என்று துணிந்து எழுதுகிறேன்.

"டிஸ்க் விலகியிருக்கிறது, கையாலே தள்ளிவிடலாம்" என்று சொன்னார்களே, அது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் இரண்டு எலும்போடும் இறுக ஒட்டி வளர்ந்த ஒன்று. மேசை லாச்சி மாதிரி வெளியே வந்து, தள்ளினால் உள்ளே போகிற சாமான் அல்ல. கையால் அழுத்தும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், கேட்டவுடனே ஆளுக்கு நிம்மதி வரும். அது எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாகும்போது வருகிற சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதுதான். சத்தம் வராவிட்டாலும் நோ குறையும், வந்தாலும் குறையாமல் போகும்.

35,000 ரூபா கொடுத்து ஸ்கான் எடுத்தால் அனேகமாக ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். 1994 இல் அமெரிக்காவில் முதுகு நோவே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதமானோருக்கு ஏதாவது ஒரு மட்டத்தில் டிஸ்க் வெளியே பிதுங்கியிருந்தது. ஒரு சுகக்கேடும் இல்லாமல் வேலை செய்துகொண்டு திரிந்தவர்கள் அவர்கள். 50 வயதுக்காரரில் நோ இல்லாதவர்களைப் பார்த்தாலும் 80 சதவீதமானோருக்கு டிஸ்க் தேய்ந்திருப்பது தெரிகிறது. தலை நரைப்பது மாதிரி அதுவும் வயதோடு வருவது. ஆனால் "டிஸ்க் தேய்ந்து போச்சு" என்று எழுதிய றிப்போட்டை ஒரு தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டால் அன்றிலிருந்து அவர் குனியப் பயப்படுவார். அந்தப் பயம் நோவைவிடக் கூடுதலான நாட்கள் அவரை வீட்டில் படுக்க வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் கை என்னதான் செய்கிறது? ஒரு நாரிப் பிடிப்புக்காரர் குப்புறப் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். இடுப்பெலும்புக்கு மேலே முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி விறைத்து நிற்கும். பெருவிரலை வைத்தவுடன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரே இடத்தில் மெதுவாக, ஒரு அலை வந்து போகிற வேகத்தில் அழுத்தி விட, அழுத்தி விட, இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு நீளமாகும். தசை இளகுவது விரலுக்குத் தெரியும். எழுப்பிக் குனியச் சொன்னால் சற்று முன் முழங்காலில் நின்ற கை இப்போது கணுக்கால் வரை போகும். இது ஏமாற்றில்லை. அந்த இடத்திலிருந்து மூளைக்குப் போகும் நோச் செய்தியைத் தொடுகையும் அசைவும் தணிக்கின்றன. ஆனால் அந்தச் சுகம் சில மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள் நிற்கும். அந்த நேரத்துக்குள் அவர் குனிந்து, நடந்து, உடற்பயிற்சி செய்து "என் நாரி அசையும், அசைத்தால் உடைந்து போகாது" என்று தன் உடம்புக்குக் காட்டிக் கொடுத்தால் பலன் நிலைக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அடுத்த தரம் வரும்போது தசை மறுபடி விறைத்திருக்கும். 20 தரம் வந்தாலும் கதை அதேதான்.

பக்கேஜில் அவர்கள் சேர்த்திருக்கும் மெஷின்களைப் பற்றியும் எழுதவேண்டும். உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு முதல் தடவையாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோவைப் பற்றி ஆளுக்கு விளங்கப்படுத்துவது, உடற்பயிற்சி, முள்ளந்தண்டுக்குச் செய்யும் கை வைத்தியம், மசாஜ் ஆகியவை கொடுக்கலாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. இழுவை மெஷின், அல்ட்ராசவுண்ட், தோலில் கரண்ட் வைப்பது, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இப்போது உங்கள் பக்கேஜைத் திருப்பிப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்ன நான்கில் மூன்று அதில் இருக்கின்றன. வேண்டும் என்று சொன்ன உடற்பயிற்சி இல்லை. கை கடைசியில் "கொஞ்ச நேரம்" வருகிறது. 45,000 ரூபாவில் பெரும்பங்கு மெஷின் வாடகைதான்.

இனிக் காசுக் கதை. கை வைத்தியம் செலவுக்குப் பெறுமதியா என்று கணக்குப் பார்த்த நல்ல ஆய்வுகள் நிறைய இல்லை. இருப்பவை பெரும்பாலும் மேற்கு நாடுகளில் நடந்தவை. அங்கத்தைய சம்பளம் வேறு, சுகயீன லீவு வேறு. அதனால் தொகையை அப்படியே இங்கே பெயர்க்க முடியாது, ஆனால் எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்பது நமக்கு உதவும்.

இங்கிலாந்தில் 2004 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு. நாரி நோவுள்ள 1,334 பேர். எல்லோருக்கும் குடும்ப வைத்தியரின் நல்ல கவனிப்பு கிடைத்தது. அதற்கு மேலே சிலருக்கு உடற்பயிற்சி வகுப்பு, சிலருக்கு எட்டுத் தடவை வரை கை வைத்தியம், சிலருக்கு இரண்டும். கை வைத்தியத்தைத் தொடர்ந்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் நடுத்தரமான முன்னேற்றம் கிடைத்தது. வருட முடிவிலும் சிறிதளவு மிஞ்சி நின்றது. ஒரு ஆளுக்கு நல்ல சுகத்தோடு வாழும் ஒரு வருடத்தைக் கூட்டிக் கொடுக்க எவ்வளவு செலவாகும் என்று அங்கே கணக்குப் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு அது 3,800 ஸ்டேர்லிங் பவுண். அந்தக் காலத்தில் 20,000 முதல் 30,000 பவுண் வரை போனாலும் அந்த நாட்டு அரசு பெறுமதி என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே 3,800 நல்ல மலிவு. அதே நாட்டின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டி, கை வைத்தியத்தை உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடு, தனியே கொடுக்காதே என்று சொல்கிறது. கவனியுங்கள், எட்டுத் தடவை வரைதான். இருபது இல்லை.

எனக்குச் சாதகமான கதையை மட்டும் சொல்லக்கூடாது. 1998 இல் அமெரிக்காவில் 321 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இயன்மருத்துவம், ஒரு குழுவுக்குக் கையால் முதுகெலும்பு வைத்தியம், மூன்றாம் குழுவுக்கு நோவைப் பற்றி விளக்கும் ஒரு சிறு புத்தகம் மட்டும். இரண்டு வருடத்தில் ஒரு ஆளுக்கு முதல் இரண்டு குழுவிலும் செலவு 437 டொலர், 429 டொலர். புத்தகக் குழுவில் 153 டொலர். நோவில் வந்த வித்தியாசமோ மிகச் சிறியது. ஆனால் தங்களுக்குக் கிடைத்த கவனிப்பு மிக நல்லது என்று சொன்னவர்கள் வைத்தியக் குழுக்களில் 75 சதவீதமளவு, புத்தகக் குழுவில் 30 சதவீதமளவு. கை தொட்டால் மனம் ஆறும். அதற்கும் ஒரு விலை உண்டுதான். அந்த விலையை நாலைந்து தடவையில் கொடுத்து முடித்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. வேலை தொடங்கிய காலத்தில் ஒரு தனியார் நிலையத்தில் இருந்தேன். மூதூரிலிருந்து ஒரு அம்மா கிழமைக்கு மூன்று நாள் வருவார். தோள்மூட்டு நோ. சூட்டு விளக்கு, மெஷின், பிறகு நான் பத்து நிமிடம் பிடித்துவிடுவேன். முப்பது தடவை. அவருக்குக் கை உயர்ந்தது, சந்தோசமாகப் போனார். கடைசி நாளில்தான் சொன்னார், காசுக்காக ஒரு காப்பை அடைவு வைத்தாராம், மீட்க முடியாமல் போய்விட்டதாம். பயிற்சியை ஐந்தாம் தடவையிலேயே வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் காப்பு அவர் கையில் இருந்திருக்கும். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிறவரிடம் முதல் நாளே கேட்பேன்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வந்தீர்கள், இன்றைக்கு எந்த வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள்?

அதே கேள்விகளை உங்களுக்கும் போட்டுப் பார்ப்போம். அவர்கள் சொன்னது 45,000. ஓட்டோவுக்கு 20 தரமும் 1,800 வீதம் 36,000. இதிலேயே 81,000 ஆகிவிட்டது. ஸ்கானைச் சேர்த்தால் 1,16,000. காலையில் வலை இழுக்கிற நேரத்தில் வரச் சொன்னால் இருபது நாள் பங்கும் போகும், அது 50,000. மொத்தம் 1,66,000 ரூபா. உங்கள் கையில் இருப்பது 50,000. இவ்வளவும் செலவழித்து மாதத்தில் இரண்டு நாள் கூடுதலாக அவர் வலைக்குப் போனால் கிடைப்பது 5,000. பக்கேஜும் ஓட்டோவுமான 81,000ஐ மட்டும் எடுக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போகும்.

இப்போது உங்கள் கழுத்துக்கு வருகிறேன். அவர் படுக்கும் ஆறு நாளால் வீட்டுக்கு நட்டம் மாதம் 15,000. உங்கள் கழுத்தால் நட்டம் மாதம் 12,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தங்கச்சி. "உழைக்கிற மனிசன்" என்று எழுதினீர்கள். அந்த வீட்டில் உழைக்கிறவர்கள் இரண்டு பேர். பெண்கள் எழுதும் கடிதங்களில் தன் நோ கடைசி வரியில்தான் வரும். அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டால் அனேகமாக இப்படித்தான் முடிகிறது.

அதோடு, கை வைத்தியத்துக்கு மிக நல்ல காசுக் கணக்கு வந்தது கழுத்து நோவில்தான். நெதர்லாந்தில் 183 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2003 இல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை, கூடியது ஆறு தடவை, கழுத்து மூட்டுகளை மெதுவாக அசைக்கும் கை வைத்தியம். இரண்டாம் குழுவுக்குப் பெரும்பாலும் உடற்பயிற்சியாக இயன்மருத்துவம், கிழமைக்கு இரண்டு தடவை. மூன்றாம் குழுவுக்குக் குடும்ப வைத்தியரின் கவனிப்பு. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் நட்டம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு ஒரு ஆளுக்கு ஆனது முதல் குழுவில் 447 யூரோ, இரண்டாவதில் 1,297, மூன்றாவதில் 1,379. மூன்றில் ஒரு பங்கு! வருட முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே சுகத்துக்கு வந்துவிட்டன. கை வைத்தியக் குழு முந்திச் சுகப்பட்டது, அதனால் வேலையையும் குறைவாகவே இழந்தது. தைத்தால்தான் காசு என்று இருக்கிற உங்களுக்கு அந்த "முந்தி" என்ற சொல் மிகவும் முக்கியம்.

அந்த ஆய்வில் செய்தது மெதுவான அசைவு. திடீரென்று கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது அல்ல. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் உங்கள் கழுத்தைத் திருகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவரும் சலூனில் முடி வெட்டி முடிய "நெட்டி எடுத்துவிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லட்டும். கழுத்து எலும்புக்குள்ளால் மூளைக்கு இரத்தக் குழாய் போகிறது. வேகமாகத் திருகும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் இரண்டு நிமிடச் சுகத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்தல்ல.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இரண்டு பேரும் பொது வைத்தியசாலை ஓ.பி.டி.க்கு ஒருநாள் போங்கள். துண்டு எடுத்து வைத்தியரிடம் காட்டி, இயன்மருத்துவப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே காசு இல்லை. காத்திருக்க வேண்டிவரும், அரை நாள் போகும். அப்படியென்றாலும் இரண்டு பேருக்கும் ஒரே அரை நாளாகப் போகட்டும். காத்திருக்க முடியாது, திகதி தூரத்தில் இருக்கிறது என்றால் மட்டும் தனியார் இடத்துக்குப் போங்கள். போனால் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள இயன்மருத்துவரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. "மெஷின் வேண்டாம், கையும் பயிற்சியும் போதும், ஒவ்வொரு தரமும் அன்றன்றைக்குக் கட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அது உங்களுக்கான இடமல்ல.

அவருக்கு நாலு தடவை, 10,000. உங்களுக்கு ஆறு தடவை, 15,000. கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், ஒரே ஓட்டோவில், வலை இழுத்து முடிந்த பின்னேரம். ஓட்டோ ஆறு தரத்துக்கு 10,800. எல்லாம் சேர்த்து 35,800. பஸ்ஸில் போனால் இன்னும் குறையும். சீட்டுக் காசில் 14,200 மிஞ்சும். இது கூடிய அளவு. முதல் மூன்று தடவையில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மாற்றம் இருக்கிறதா என்பதை மனதால் அளக்க முடியாது. ஒரு கொப்பி வாங்கி இரவில் எழுதுங்கள்: இன்றைக்கு நோ 10க்கு எத்தனை, அவர் குனிந்தால் கை எதுவரை போகிறது, நீங்கள் நிறுத்தாமல் எத்தனை நிமிடம் தைத்தீர்கள். 7 இல் இருந்த நோ 5க்கு வந்தால் அது உண்மையான மாற்றம். 6 ஆகி நின்றால், நல்ல நாள் கெட்ட நாள் என்று வருகிற ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம்.

பயிற்சிதான் இதில் பாதிக்கு மேல், அதற்குக் காசே இல்லை. அவர் பாயில் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கட்டும். பத்துத் தரம், காலையும் மாலையும். பிறகு குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கி இரண்டு நிமிடம் இருக்கட்டும். அப்படி இருக்கும்போது புட்டத்தில் இருந்த நோ நாரிக்கு ஏறி வந்தால் நல்ல அறிகுறி, தொடரலாம். காலுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் சொல்லவேண்டும். தினமும் இருபது நிமிட நடை. நோ கூடிய நாளிலும் முழு நாளும் படுக்கக் கூடாது.

வலை இழுப்பதை நான் சல்லிக் கடற்கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து, குதிக்காலை மணலில் புதைத்து, பின்னடியாக வருவார்கள். பெரும்பாலானோர் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பி நிற்பார்கள். அவர் ஒரு இழுவைக்கு வலப் பக்கம், அடுத்ததற்கு இடப் பக்கம் என்று மாறி நிற்கட்டும். நாரியை வளைத்து இழுக்காமல் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடம்புப் பாரத்தால் இழுக்கட்டும். வலையின் மடி கரைக்கு வந்த பிறகு மீன் கூடை தூக்குகிற வேலையை ஒரு மாதத்துக்கு வேறு ஆளிடம் விடச் சொல்லி, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேட்டுப் பாருங்கள். படுத்துவிடுகிற ஆளைவிட, கூடை தூக்காமல் கயிறு மட்டும் இழுக்கிற ஆள் அவருக்கும் இலாபம்தான். வாடைக்காற்று தொடங்கி வலை ஓய்கிற மாதங்களில் பயிற்சியை விட்டுவிட வேண்டாம். சும்மா இருந்த நாரிதான் அடுத்த பருவத்தின் முதல் கிழமையில் பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு: மெஷின் முன்னால் இருக்கும் கதிரை பதிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன், வீட்டில் தைக்கிற அனேகமானோருக்கு அப்படித்தான். மடித்த சீலையையோ பலகையையோ போட்டு உயர்த்துங்கள், தலை துணியை நோக்கித் தொங்காத அளவுக்கு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி, தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணுங்கள். நாடியைக் கழுத்தை நோக்கி மெல்ல உள்ளிழுத்து ஐந்து எண்ணி விடுங்கள், பத்துத் தரம். பிளவுஸ் வெட்டுகிற வேலையை நிலத்தில் குந்தியிருந்து செய்யாமல் மேசையில் வைத்துச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கையில் விறைப்போ பலவீனமோ தொடங்கினால் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நோவெண்ணெய் போட்டு உருவிவிடுவதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கிறது. எனக்கு அதில் மறுப்பில்லை. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகை. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் எடுத்து வருகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனாலும் என் கணக்கு அதேதான்: நாலைந்து தடவை, கொப்பியில் மாற்றம் தெரியவேண்டும், பயிற்சி கூடவே இருக்கவேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டு வந்தால் நாரி இரண்டு நாள் இளகி இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சூடு தசையை இளக்கும். வீட்டில் சுடுதண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாலும் அதே சுகம். சூட்டு விளக்குக்கு நீங்கள் கொடுக்க இருந்த காசு அங்கே மிச்சம்.

தலையணை: வையுங்கள். தலையணை இல்லாமல் பக்கவாட்டில் படுத்தால் கழுத்து இரவு முழுக்க ஒரு பக்கம் மடிந்து கிடக்கும். காதிலிருந்து தோள் நுனி வரை எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு உயரம் போதும். உங்கள் வீட்டுப் பஞ்சுத் தலையணை அமுங்கித் தட்டையாகிப் போயிருந்தால் ஒரு சீலையை மடித்து உள்ளே வைத்துத் தையுங்கள். அது உங்களுக்குப் பத்து நிமிட வேலை.